இரண்டு லட்சம் ஓடிய ஜீப் வாங்கியாச்சு, இனி என்ன? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொன்டெரோ, பிராடோ, எக்ஸ்-ட்ரெயில், கிராண்ட் விட்டாரா, சிஆர்-வி என்று எதுவாக இருந்தாலும் நம் பக்கத்தில் அது ஜீப்தான். பழைய ஜீப் ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்திய மறுநாள் வரும் கேள்விகள் இவை. வாங்குவதற்கு முன் என்ன பார்ப்பது என்பது வேறு கதை. இங்கே காசு கொடுத்தாகிவிட்டது, சாவி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

மீற்றரில் 2 லட்சத்துக்கு மேல் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

மீற்றரை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. நெடுந்தூரம் ஓடி, நேரத்துக்கு ஒயில் மாற்றப்பட்ட 2.5 லட்சம் கிலோமீற்றர் எஞ்சின், பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடி ஒயிலைக் கண்ணால் காணாத 90,000 கிலோமீற்றர் எஞ்சினைவிட நல்ல நிலையில் இருக்கலாம். மீற்றரைத் திருப்புவதும் நாட்டில் புதிதல்ல. 80,000 காட்டும் வாகனத்தில் பிறேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் மினுங்கி, சாரதி ஆசனத்தின் விளிம்பு நைந்து கிடந்தால் அந்த 80,000ஐ நம்பாதீர்கள். 2 லட்சத்தை உள்ளபடி காட்டுகிற மீற்றர் உங்களுக்கு உதவிதான்.

கவலைப்பட வேண்டியது இடையில் விடுபட்ட வருடங்களைப் பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022: எரிபொருள் வரிசை, டொலர் தட்டுப்பாடு, எகிறிய உதிரிப்பாக விலை. அந்தக் காலத்தில் பலர் "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்று வேலையைத் தள்ளிப்போட்டார்கள். வாகன விலை ஏறியதால் அதே வாகனங்கள் நல்ல விலைக்குக் கைமாறவும் செய்தன. தள்ளிப்போட்ட வேலை வாகனத்தோடு சேர்ந்து உங்களிடம் வந்திருக்கிறது.

விற்றவர் "எல்லாம் செய்து வைத்திருக்கு, அப்படியே ஓடலாம்" என்றார். எதை நம்புவது?

பில் இருந்தால் நம்புங்கள். பில் இல்லாத வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் பொய்யர் என்று அர்த்தமில்லை. அவரும் தனக்கு முதல் வைத்திருந்தவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார்.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்கிய வாகனமென்றால் சாரதி கதவைத் திறந்து அதன் சட்டத்தைப் பாருங்கள், பொனட்டுக்குள்ளும் பாருங்கள். ஒயில் மாற்றியதும் டைமிங் பெல்ட் மாற்றியதும் அங்கே சிறு ஸ்டிக்கரில் திகதியோடும் கிலோமீற்றரோடும் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு விசித்திரமாக இருந்தால் குழம்ப வேண்டாம். அது ஜப்பானியப் பேரரசர் ஆண்டு. ஹெய்செய் ஆண்டோடு 1988ஐக் கூட்டுங்கள்: 20 என்று போட்டிருந்தால் 2008. 2019 மே மாதத்திலிருந்து ரெய்வா ஆண்டு. அதோடு 2018ஐக் கூட்ட வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள கிலோமீற்றர் இன்றைய மீற்றரைவிடக் கூடுதலாக இருந்தால், மீற்றரின் கதை அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

முதல் வாரத்தில் என்ன செய்வது?

ஒயில் மாற்ற ஓடாதீர்கள். முதலில் வாகனத்தை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள், நீங்களும் மெக்கானிக்குக்குப் பக்கத்தில் நின்று. சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கழுவிவிட்டால் எங்கிருந்து ஒயில் கசிகிறது என்ற தடயமே போய்விடும்.

உயிரைக் காப்பவற்றுக்கு முதலிடம். பிறேக் பேட், டிஸ்க், பிறேக் ஹோஸ், முன் சக்கரத்தின் போல் ஜொயின்ட்டும் டை ரொட் முனைகளும், டயர். போல் ஜொயின்ட் கழன்றால் முன் சக்கரம் மடிந்து விழும். அது வாழைச்சேனை நெடுஞ்சாலையில் நடந்தால் என்னவாகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

டயரின் கனத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால், பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றுங்கள். அடியில் தொங்கும் ஸ்பெயார் டயரையும் இறக்கிப் பார்க்க வேண்டும். அதை இறக்கும் சங்கிலி துருவேறி இறுகிப்போனதைப் பலர் டயர் பஞ்சரான இரவில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகுதான் எஞ்சினைக் கொல்லக்கூடியவை: டைமிங் பெல்ட், கூலிங் ஹோஸ்கள், ரேடியேட்டர், ஃபேன் பெல்ட். மூன்றாவதாக ஒயில் வகைகளும் ஃபில்டர்களும். ஏசி, கண்ணாடி மோட்டர், செட் எல்லாம் கடைசி.

டைமிங் பெல்ட்டா செயினா என்று எப்படித் தெரியும்?

எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைப்பது இந்தப் பெல்ட் அல்லது செயின்தான். எது இருக்கிறது என்பது எஞ்சின் வகையைப் பொறுத்தது. நம் பக்கத்தில் ஓடுகிற சிலவற்றைச் சொல்கிறேன். பிராடோவின் 1கேஸெட், 1கேடி டீசல் எஞ்சின்கள் இரண்டுக்கும் பெல்ட். மிட்சுபிஷியின் 4டி56 டீசலுக்கும் 6ஜி72 வி6 பெற்றோலுக்கும் பெல்ட். 4எம்40, 4எம்41க்கு செயின். 2001 வரை வந்த முதல் தலைமுறை சிஆர்-விக்கு பெல்ட், அடுத்த தலைமுறைக்கு செயின். ராவ்4இலும் அப்படித்தான்: முதல் தலைமுறைக்கு பெல்ட், இரண்டாவதன் பெற்றோல் எஞ்சினுக்கு செயின். எக்ஸ்-ட்ரெயில் பெற்றோலுக்கும் கிராண்ட் விட்டாரா 2 லீற்றருக்கும் செயின்.

பெல்ட் உள்ள வாகனம், மாற்றியதற்கு ஆதாரமில்லை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. மாற்றுங்கள். டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும். பெல்ட் மாற்றும் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது. பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் பெயாரிங், சீல்களையும் மாற்றுங்கள். தண்ணீர் பம்ப் அந்தப் பெல்ட்டாலேயே சுற்றுகிற எஞ்சினென்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. 4டி56இல் பேலன்ஸ் ஷாஃப்டுக்கென்று இன்னொரு சிறிய பெல்ட் உள்ளே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் மாற்றுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் இரண்டும் போய்விடும்.

டொயோட்டா டீசலில் பெல்ட் மாற்றும் காலம் வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். எரியவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெல்ட்டைத் தொடாமல் விளக்கை மட்டும் அணைத்து வைப்பது கஷ்டமான வேலையல்ல.

செயினுக்கு இப்படிக் கால எல்லை இல்லை. ஆனால் ஒயில் மாற்றாத எஞ்சினில் செயின் நீண்டு தளரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்திலிருந்து சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் செயினையும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய எஞ்சினுக்குத் தடித்த ஒயில்தான் நல்லதாமே?

கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். பழைய டீசலுக்கு நம் வெக்கையில் 15டபிள்யூ-40 தடிப்புள்ள ஒயில் பொருத்தமானதே. ஆனால் வால்வு நேரத்தை ஒயில் அழுத்தத்தால் மாற்றுகிற பெற்றோல் எஞ்சின்களில், சிஆர்-வி போன்றவற்றில், அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றினால் நுண்ணிய ஒயில் வழிகளில் அது நேரத்துக்குப் போய்ச் சேராது. கையேட்டில் உள்ள தடிப்பையே ஊற்றுங்கள். ஒயில் குடிக்கிற எஞ்சினென்றால் ஒரு படி ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஃப்ளஷ் என்று ஒரு போத்தலை ஊற்றி ஓடவிட்டு எஞ்சினைக் கழுவும் வேலையைப் பராமரிப்பில்லாத பழைய எஞ்சினில் நான் செய்ய மாட்டேன். வருடக்கணக்காகப் படிந்த கறுப்புக் களி ஒரேயடியாகக் கழன்று வந்து சம்பிலுள்ள (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) வடியை அடைத்தால் ஒயில் மேலே ஏறாது. அதைவிட நல்ல ஒயில் ஊற்றி, 2,000 கிலோமீற்றரில் ஃபில்டரோடு மாற்றி, அடுத்ததையும் கொஞ்சம் முந்தி மாற்றுங்கள். மெதுவாகக் கழுவப்படும்.

ஓட்டோ கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றினால் கியர் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. கியர் ஏற்கனவே சறுக்குகிறது, ஒயில் கறுத்துத் தீய்ந்த மணம் அடிக்கிறது என்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. அந்த நிலையில் ஒயிலை மாற்றினால் கியர் முற்றாகப் போகலாம். பழி ஒயிலுக்கு வந்தாலும் கியர் எப்படியும் போகத்தான் இருந்தது. கியர் ஒழுங்காக விழுகிறது, ஒயில் பழுப்பாக மட்டும் மாறியிருக்கிறது என்றால் தாராளமாக மாற்றலாம், மாற்றவும் வேண்டும்.

மாற்றும் முறைதான் முக்கியம். இயந்திரத்தைப் பொருத்தி அழுத்தத்தில் முழு ஒயிலையும் தள்ளி எடுப்பதை இப்படிப்பட்ட வாகனத்துக்குச் செய்ய வேண்டாம். அடி நட்டைக் கழற்றினால் மொத்த ஒயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வடியும். வடிந்த அளவைப் போத்தலில் அளந்து அதே அளவு புதியதை ஊற்றுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுபடியும் அப்படியே செய்யுங்கள். விரும்பினால் மூன்றாம் முறையும். கழற்றக்கூடிய தட்டென்றால் ஒரு முறை இறக்கி உள்ளே உள்ள காந்தத்தையும் ஃபில்டரையும் பாருங்கள். காந்தத்தில் மாவு போல் படிந்திருப்பது வழக்கம்தான். துண்டு துண்டாக இரும்பு இருந்தால் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

எல்லா ஓட்டோ ஒயிலும் ஒன்றல்ல. டொயோட்டாவில் டி-IV கேட்கும் பெட்டியும் உண்டு, டபிள்யூஎஸ் கேட்கும் பெட்டியும் உண்டு. மிட்சுபிஷி எஸ்பி-III கேட்கும். 2007இல் வந்த இரண்டாம் தலைமுறை எக்ஸ்-ட்ரெயிலின் சிவிடி பெட்டிக்கு (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) என்எஸ்-2 என்ற சிவிடி ஒயிலைத் தவிர வேறெதுவும் கூடாது. "எல்லாத்துக்கும் இது ஒன்று போதும்" என்று பெரிய பீப்பாயைக் காட்டுகிற இடத்தில் ஒயில் மாற்றாதீர்கள்.

டிஃபரன்ஷல் ஒயிலையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

ஒருவரும் பார்ப்பதில்லை. அதனால்தான் நீங்கள் பார்க்க வேண்டும். டிஃபரன்ஷல் என்பது இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. 4 வீல் ஜீப்பில் முன் டிஃபரன்ஷல், பின் டிஃபரன்ஷல், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையை அனுப்பும் ட்ரான்ஸ்பர் பெட்டி என்று மூன்று இடத்தில் ஒயில் இருக்கிறது.

நம் ஊரில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் கிரான் பக்கமும் படுவான்கரையிலும் வீதிக்கு மேல் வெள்ளம் நிற்கும். சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷல் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மேலே உள்ள மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நட்டைக் கழற்றும்போது ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் நடந்தது அதுதான். மாற்றிவிட்டு ஆயிரம் கிலோமீற்றருக்குள் மறுபடியும் மாற்றுங்கள், மூச்சுக்குழாயையும் சுத்தம் செய்யுங்கள்.

மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நிரப்பும் நட் துருவில் இறுகி வராவிட்டால், எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஒயில் இல்லாத ஜீப்போடு நிற்க வேண்டிவரும்.

4 வீல் சிஆர்-வியில் முழுதாக ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பின்னால் முனகல் கேட்டால் பெரும்பாலும் பழைய ஒயில்தான் காரணம். அதற்கு ஹொண்டாவின் டுவல் பம்ப் ஒயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் ஒயில் அல்ல.

ரேடியேட்டருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூட இருக்கும். கேத்தலின் அடியில் படிகிற அந்த வெள்ளைப் படிவம்தான் எஞ்சினுக்குள்ளும் படியும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால் பிறகு வடித்து, காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசி, கூலன்ட் ஊற்றுங்கள்.

முந்தியவர் என்ன ஊற்றினார் என்று மூடியைத் திறந்தாலே தெரியும், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். துருநிறத் தண்ணீர் என்றால் கூலன்ட் பார்க்காத வாகனம். மேலே ஒயில் மிதந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால், ஹெட் கஸ்கட் போயிருக்கலாம் அல்லது ஹெட் வெடித்திருக்கலாம். பிராடோவின் 1கேஸெட் எஞ்சின் சூடேறினால் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது.

அடுத்தது நம் கராஜ்களின் பழைய வியாதி. வாகனம் ஒருமுறை சூடேறினால் தேர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "நம்மட வெக்கைக்கு இது தேவையில்லை" என்பார்கள். எஞ்சினுக்கு வெளிவெப்பம் போதாது. கூலன்ட் சுமார் 80 பாகைக்கு வந்தால்தான் அது செம்மையாக வேலை செய்யும். வால்வு இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் அந்தச் சூட்டுக்கே வராது. எரிபொருள் கூடும், ஒயிலுக்குள் எரிபொருள் கலக்கும், ஓட்டோ கியர் உயர்ந்த கியருக்குப் போகப் பின்னடிக்கும். வெப்பமானியின் முள் நெடுஞ்சாலையில் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால் வால்வு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் எதனால் சூடேறியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, அதன் பிறகு வால்வைப் போடுங்கள். ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் கிளட்ச் தளர்வா என்று பார்க்காமல் வால்வை மட்டும் போட்டால் மறுபடியும் கொதிக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். மலிவான சாமான், ஆனால் அது செய்வது பெரிய வேலை. மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகைக்குப் பதில் 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்தால் அந்த 20 பாகைக் காவல் இல்லாமல் போகும்.

டீசல் ஜீப்பில் தனியாக என்ன பார்ப்பது?

டீசல் ஃபில்டரை மாற்றி, அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள். நீண்டகாலம் நின்ற வாகனமென்றால் தாங்கியின் அடியிலும் தண்ணீரும் களியும் இருக்கலாம். டீசலை உயர் அழுத்தத்தில் விசிறும் காமன் ரெயில் எஞ்சினின் பம்பும் இன்ஜெக்டரும் தண்ணீரைத் தாங்காது.

1கேடி எஞ்சினுள்ள பிராடோ வாங்கியவர்கள் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள சீலைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். அது கசிந்தால் எரிந்த புகை ஒயிலுக்குள் போய்க் கரியாகி, சம்பிலுள்ள ஒயில் வடியை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழுந்த பிறகு எஞ்சினுக்கு ஆயுள் அதிகமில்லை. சீல் மாற்றிய பில் இல்லாவிட்டால் சம்பை இறக்கி வடியைப் பார்ப்பது வீண்செலவல்ல.

வயல் பக்கம் ஓடுகிறவர்கள் எயார் ஃபில்டரைச் சேர்விஸ் வரும் வரை விட்டுவைக்க வேண்டாம். வெட்டுக் காலத்துத் தூசும் உமியும் சில வாரத்தில் அடைத்துவிடும். ஏசி கன்டென்சரிலும் அதே உமிதான் போய் ஒட்டும்.

4 வீல் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கடற்கரை மணலுக்கோ ஈர வயல் பாதைக்கோ கொண்டுபோய் லீவரைப் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத லீவர் இறுகியிருக்கும். மொன்டெரோவில் டாஷ்போர்டிலுள்ள சக்கரப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வெகுயூம் குழாய் வெடித்திருக்கும் அல்லது அதன் வால்வு ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறக்க முன் அதைப் பாருங்கள்.

நடு டிஃபரன்ஷல் இல்லாத ஜீப்பைக் காய்ந்த தார் வீதியில் 4 வீலில் ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். மணல் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும், தார் விடாது. பெட்டிதான் முறுகும். மாதத்தில் ஒருமுறை மணலில் கொஞ்சத் தூரம் ஓட்டினால் ஒயில் எல்லா இடமும் போகும்.

கடற்கரைக்குக் கிட்ட வீடு. துரு எவ்வளவு ஆபத்து?

நம் பக்கத்தில் எஞ்சினைவிட முதலில் சாவது சஸிதான். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஒரே கரையோரம், காற்றே உப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் நீர்த்திவலை வீட்டுக் கூரை வரை வரும். இதுபோக மீன் பெட்டி ஏற்றிய ஜீப் என்றால் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் பின்தளத்துக்குக் கீழே, சஸி வளைகிற இடத்தில், உள்ளிருந்து தின்றிருக்கும். பின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். மூக்கே சொல்லிவிடும்.

அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முன் பூசுவது பாதுகாப்புக்கல்ல. சிறிய சுத்தியலால் சஸி நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் அல்லது பொருக்கு உதிர்ந்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம், பிறேக் குழாய் போகும் வழி, டீசல் தாங்கியைப் பிடிக்கும் பட்டி மூன்றையும் விடாதீர்கள். பிறேக்கின் இரும்புக் குழாய் பொருக்கு விட்டிருந்தால் அதைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பதில் பயனில்லை, மாற்றுங்கள்.

மேல் துரு மட்டுமென்றால் சுரண்டி, துரு மாற்றும் மருந்து பூசி, பிறகு சஸியின் உட்பக்கத்துக்கு மெழுகு வகை எண்ணெயை விசிறச் சொல்லுங்கள். கழிவு ஒயிலை அடிக்கும் வழக்கம் உண்டு. ரப்பர் புஷ்கள் அதில் ஊதி அழுகும். கடற்கரைக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள்.

பற்றரி?

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஓல்டர்னேட்டர் சரி. அதற்குக் குறைவென்றால் புதுப் பற்றரி வாங்கி வேலையில்லை.

எயார்பேக் விளக்கு எரிகிறது. விட்டுவிடலாமா?

வேண்டாம். 2000களில் வந்த சிஆர்-வி, எக்ஸ்-ட்ரெயில், ராவ்4 உட்படப் பல ஜப்பானிய வாகனங்களில் தகாட்டா நிறுவனத்தின் எயார்பேக் ஊதி இருந்தது. அதிலுள்ள அமோனியம் நைத்திரேட் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பழுதாகி, விபத்தின்போது வெடித்து இரும்புத் துண்டுகளை முகத்தில் எறிந்ததால் உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டது. வெக்கையும் ஈரமும் நமக்குப் பஞ்சமில்லை. சஸி இலக்கத்தைக் கொடுத்து அந்தத் தயாரிப்பின் இலங்கை முகவரிடம் கேளுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் கேளுங்கள்; இந்தக் குறை விளக்கில் தெரியாது.

உதிரிப்பாகம் புதிதா, கழற்றியதா?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த சாமான் எல்லாம் கிடைக்கும். கதவு, விளக்கு, ஓல்டர்னேட்டர், ஸ்டார்டர், டிஃபரன்ஷல் போன்றவற்றைக் கழற்றியதாக வாங்கலாம். ரப்பரும் தேய்கிற சாமானும் எப்போதும் புதிதுதான்: பெல்ட், ஹோஸ், சீல், பிறேக் பேட், போல் ஜொயின்ட். கழற்றிய ஷொக் அப்சோபர் வாங்குவது அடுத்தவர் தேய்த்து முடித்ததற்குக் காசு கொடுப்பதுதான். எஞ்சின் சம்பந்தப்பட்ட எதற்கும் எஞ்சின் இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மொன்டெரோவுக்குள் எத்தனையோ எஞ்சின் வந்திருக்கிறது.

"எஞ்சினை இறக்கி ஓவர்ஹோல் செய்தால் நிம்மதி" என்கிறார் மெக்கானிக்.

யாருக்கு நிம்மதி என்று கேளுங்கள். புகை இல்லை, ஒயில் குறையவில்லை, இழுவை இருக்கிறது என்றால் திறக்காதீர்கள். நல்லபடி ஓடுகிற எஞ்சினைத் திறந்தால், கம்பனி போட்ட அளவுக்குத் திரும்ப இறுக்குவதற்கு எல்லாக் கராஜிலும் டோர்க் ஸ்பனர் இல்லை. சந்தேகமிருந்தால் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். மூடியை மேலே வைத்தால் புகை அதைத் தூக்கி எறிகிற அளவுக்கு ஊதினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. அப்போதும் முதலில் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். எந்த சிலிண்டரில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒயில் வகைகளையும் ரப்பரையும் தயங்காமல் மாற்றலாம். இரும்பை அளந்த பிறகுதான் தொட வேண்டும்.

எவ்வளவு காசு வைத்திருக்க வேண்டும்?

வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குவதுதான் முறை. பெரும்பாலானோர் கடைசி ரூபாவையும் விலைக்குக் கொடுத்துவிட்டு, லீசிங்கும் போட்டுவிட்டு வருகிறார்கள். அப்படியென்றால் பிறேக், டயர், டைமிங் பெல்ட், கூலிங் நான்கையும் முதல் மாதத்திலும், ஒயில் வகைகளை அடுத்த இரண்டு மாதத்திலும், புஷ்களையும் ஷொக்கையும் அதற்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். அலோய் வீலும் மேல் விளக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், மாற்றியது, ஒயிலின் பெயர் எழுதி பில்லை ஒட்டி வையுங்கள்.

இந்த ஜீப்பில் எப்போது துணிந்து கொழும்பு, கண்டி போகலாம்?

முதலில் ஊருக்குள், பிறகு பொத்துவில் வரை ஒரு நாள், பிறகு பொலன்னறுவை வரை. ஒவ்வொரு முறையும் வந்து நிறுத்திய இடத்தில் கீழே சொட்டு விழுகிறதா, கூலன்ட் தாங்கியில் அளவு குறைந்ததா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீற்றர் இப்படிக் கழிந்தால் போகலாம்.

மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் பிறேக் ஒயிலை மாற்றிவிட்டே போக வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 ஒயில் 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடும். ஏறும்போது எஞ்சினுக்குத்தான் சோதனை. கண்டியிலிருந்து திரும்பும்போது, 18 வளைவில் ஜீப் நிறைய ஆட்களோடு இறங்குகிறபோதுதான் பிறேக் கொதிக்கும், பெடல் தரை வரை போகும். ஓட்டோ கியரை டி-யில் விட்டுவிட்டுப் பிறேக்கை மிதித்தபடி இறங்காதீர்கள். 2-இல் போட்டு எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். ஹசலக்கைக்கு வந்து நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கிட்டக் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிறேக் பேடை அழுத்தும் கலிப்பரின் ஆணி உப்பில் இறுகியிருக்கிறது. அது கழற்றி, துரு துடைத்து, கிறீஸ் வைக்கிற அரை மணி நேர வேலை.